வீடு மாறுமுன்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். கட்டிய வீட்டை விற்றுப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அதற்கான தேவை அக்காலத்தில் அவ்வளவாக எழவில்லை போலும். ஒருவர் கட்டிய வீட்டில் அவருடைய பேரன் பிறந்து, அதே திண்ணையில் கிழவனாகி உட்காருவது இயல்பாக இருந்தது. இன்று பிள்ளைகள் ஒரு திசையிலும் பெண்கள் ஒரு திசையிலும் வாழ, நடுவே பெரிய வீடு ஒன்றும் அதைப் பெருக்கித் துடைக்க மாட்டாத முதியவர் சிலரும் எஞ்சி நிற்பது பல குடும்பங்களின் நிலைமை. மைசூரில் எங்கள் நிலைமையும் அதுவே.

சாமராஜபுரத்தில் எங்கள் பாட்டனார் 1938-இல் கட்டிய வீட்டைச் சென்ற பங்குனியில் விற்றுவிட்டோம். வைகாசி முடிவதற்குள் சாவியை ஒப்படைத்துவிட்டு, கோயம்புத்தூரில் எங்கள் மகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்திலேயே வாங்கியுள்ள ஒரு சிறு வீட்டுக்குக் குடிபோகிறோம். இருக்கும் வீட்டில் எட்டு அறைகள். போகும் வீட்டில் மூன்று. எட்டு மூன்றில் அடங்காது என்பதை அறியக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் பரணிலிருந்து இறக்கிய சாமான்களைக் கூடத்தில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்தக் கணக்கின் கடுமை எங்களுக்கு விளங்கிற்று. இந்த நாட்களில் நாங்கள் அறிந்துகொண்டவற்றையும், அறியாமையால் இழந்தவற்றையும், இதே வழியில் வரவிருக்கும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மைசூரில் வீடு விற்பவர் எவரும் யாதவகிரியிலுள்ள ஒரு வீட்டை நினையாமல் இருத்தல் அரிது. எழுத்தாளர் ஆர். கே. நாராயண் தாமே திட்டமிட்டுக் கட்டுவித்த வீடு அது. அதற்கு முன் அவருடைய பெருங்குடும்பம் லட்சுமிபுரத்தில் வாடகை வீட்டில் வாழ்ந்தது. யாதவகிரி வீட்டில் எழுதுவதற்கென்று எட்டுச் சன்னல்கள் வைத்த ஓர் அறையை அவர் அமைத்துக்கொண்டார். சாமுண்டி மலையும், நகரின் கோபுரங்களும், மேயும் ஆடுமாடுகளும், ஓடும் இரயிலும் அங்கிருந்து தெரிந்தனவாம். காட்சி மிகுதியால் எழுத்து ஓடவில்லை. ஆகவே சாம்பல் நிறத் திரை ஒன்றைத் தொங்கவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே எழுதினார் என்று தம் வரலாறு கூறும் ‘மை டேஸ்’ என்னும் நூலில் சொல்கிறார். ஆசைப்பட்டுச் சன்னல் வைத்து, பிறகு அதற்குத் திரை போட்ட கதை வீடு கட்டியவர் அனைவருக்கும் ஏதோ ஒரு வகையில் தெரிந்த கதைதான்.

முதுமையில் அவர் சென்னைக்குச் சென்றுவிட்டார். 2001-ஆம் ஆண்டு மே மாதம் அங்கேயே மறைந்தார். மைசூர் வீடு விற்பனையாகிக் கைமாறியது. 2011 செப்டம்பரில் அதை இடிக்கும் வேலை தொடங்கியது. செய்தி பரவியவுடன் எழுத்தாளர்களும் நகர மக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர், வேலை நிறுத்தப்பட்டது. பின்னர் அந்த வீட்டை மைசூர் மாநகராட்சியே விலைக்கு வாங்கிச் செப்பனிட்டது. 2016 ஜூலையில் அது நினைவு இல்லமாகத் திறக்கப்பட்டது. நாங்களும் சென்று பார்த்தோம். சுவர்கள் மீண்டு நிற்கின்றன. எட்டுச் சன்னல் அறையும் இருக்கிறது. ஆனால் அவர் அணிந்த கோட்டும் மூக்குக்கண்ணாடியும் அந்தச் சுவர்களோடு தங்கியிருந்து கிடைத்தவை அல்ல. குடும்பத்தார் பாதுகாத்து வைத்திருந்தமையால் கிடைத்தவை. அவருடைய கையெழுத்துப்படிகளில் ஒரு பகுதியோ அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வீட்டுக்கு இடிபாடு நேர்ந்த நாளில் அந்தத் தாள்கள் எங்கோ தொலைவில் பத்திரமாக இருந்தன.

இந்தச் செய்தியை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டை வாங்கியவரும் அதை இடிக்கத்தான் போகிறார். அதை அவர் மறைக்கவில்லை. அவருக்கு வேண்டியது மனை. ஓடு வேய்ந்த கூரையும் சிவப்புச் சிமெண்டுத் தரையும் அவருக்கு அப்புறப்படுத்த வேண்டிய சுமைகளே. எங்களுக்காக எந்த மாநகராட்சியும் வரப்போவதில்லை. வரவேண்டும் என்று கேட்கும் தகுதியும் எங்கள் வீட்டுக்கு இல்லை. ஆகவே இந்த வீட்டிலிருந்து எது எஞ்ச வேண்டுமோ, அதை லாரி வரும் நாளுக்குள் நாங்களே எடுத்துக்கொண்டாக வேண்டும். எடுக்காதது இல்லாமற் போகும்.

எடுத்துக்கொள்வது என்றால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருமா என்று ஒரு கேள்வி எழுந்தது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. மாறாக எழுதிக்கொள்ளாதவரை, வீட்டை விற்றால் அதன் கதவுகள், சன்னல்கள், பூட்டுகள், சாவிகள், நிலையான பயன்பாட்டுக்காகப் பொருத்தப்பட்ட பிற பொருள்கள் யாவும் வீட்டோடு சேர்ந்து வாங்குபவருக்கே போய்ச் சேரும். பூசையறையின் தேக்குக் கதவு பாட்டனார் செய்வித்தது, ஆகவே எங்களுடையது என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். வழக்கறிஞர் நண்பர் சிரித்தார். நல்லவேளையாக அப்போது ஒப்பந்தம் எழுதப்படவில்லை. பூசையறைக் கதவு, கூடத்து ஊஞ்சல் அதன் சங்கிலிகளோடு, வாசலில் பதித்த பெயர்க்கல் ஆகிய மூன்றும் விற்பவர்க்கே உரியவை என்று கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டோம். வாங்குபவர் தடை சொல்லவில்லை. பத்திரம் பதிவானபின் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கிக்கொள்ளவும் அவர் இசைந்தார். அதையும் எழுத்தில் பெற்றோம். நல்ல மனிதர்களிடையேயும் எழுத்து இருப்பது நட்புக்குக் கேடன்று.

சமையலறையில் தரையோடு பதித்த ஆட்டுக்கல்லை மட்டும் விட்டுவிட்டோம். அதைப் பெயர்க்க நான்கு ஆட்கள் வேண்டும். கோயம்புத்தூரில் மூன்றாம் மாடியில் அதற்கு இடமும் இல்லை. அதில் அரைத்த மாவை உண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். என்ன செய்வது!

நிற்க. எங்கள் பிழை ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் அத்தை இருக்கிறார். பாட்டனாரின் கடைசி மகள். வயது 86. இந்த வீட்டிலேயே பிறந்தவர். திருமணம் செய்துகொள்ளாமல் பள்ளியாசிரியையாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, இந்த வீட்டிலேயே ஓய்வும் பெற்றவர். அவருடைய அறை கிழக்கே பார்த்தது. சாமராஜபுரம் நிலையத்துக்கு வரும் இரயிலின் ஓசையைக் கேட்டே மணி சொல்லுவார். வீட்டை விற்பது பற்றி நாங்கள் மகளோடு பேசினோம், தம்பியோடு பேசினோம், வழக்கறிஞரோடும் தரகரோடும் பேசினோம். அத்தையோடு பேசவில்லை. உரிமைப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. பாட்டனார் எழுதிவைத்த உயில் அப்படி. ஆகவே அவர் கையெழுத்துத் தேவைப்படவில்லை. கையெழுத்துத் தேவைப்படாதவரிடம் சொல்லவும் தோன்றவில்லை. தக்க சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று நாள் கடத்தினோம். ஒருநாள் மனையை அளக்க நாடாவுடன் வந்த ஆள், திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தையிடம், “அம்மா, சற்று எழுந்துகொள்ளுங்கள், இந்தச் சுவர்வரை அளக்க வேண்டும்” என்று சொன்னார். அப்படித்தான் அவருக்குச் செய்தி தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. “எனக்கு அங்கே சன்னல் உண்டா?” என்று மட்டும் கேட்டார். அதன்பின் பல நாட்கள் அதிகம் பேசவில்லை.

அந்த நாட்களில்தான் இரண்டாவது பிழையும் நேர்ந்தது. தாள்களை ஒழிப்பது எளிய வேலை என்று கருதி அதை முதலில் எடுத்துக்கொண்டோம். பரணில் மூன்று கோணிப்பைகளில் பழைய தாள்கள் இருந்தன. மேலே கிடந்தவை பழைய பஞ்சாங்கங்கள், காலங்கடந்த இரசீதுகள், எங்கள் பள்ளிக்கூட நோட்டுகள். அடியில் தடித்த அட்டை போட்ட ஐந்து கணக்குப் புத்தகங்கள் இருந்தன. புரட்டிப் பார்த்தோம். மங்கிய மையில், எங்களுக்குப் புரியாத குறிகளில் வரிவரியாக ஏதோ எழுதியிருந்தது. வேண்டாதவை என்று முடிவு செய்து, மூன்று பைகளையும் பழைய பேப்பர் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம்.

மாலையில் அத்தை, “அப்பாவின் வீட்டுக் கணக்கு எங்கே?” என்று கேட்டார். அந்த ஐந்து புத்தகங்களும் இந்த வீடு கட்டிய கணக்காம். பாட்டனார் பழைய முறையில் தமிழ் எண்களும் பின்னக் குறிகளும் இட்டுக் கணக்கு எழுதுபவர். கால், மா, முக்கால், மாகாணி என்று அவர் மகளுக்குக் கற்பித்திருக்கிறார். இந்தக் குடும்பத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் இன்று ஒருவரே இருக்கிறார். அவரைக் கேளாமல் அதை எடைக்குப் போட்டிருக்கிறோம்! மறுநாள் காலை கடைக்கு ஓடினோம். கடைக்காரர் பாவம், கூடவே நின்று தேடிக் கொடுத்தார். இரண்டு புத்தகங்கள் கிடைத்தன. மற்ற மூன்றும் முந்திய இரவே லாரியில் ஏறிப்போய்விட்டன.

ஆகவே நேயர்களுக்கு நாங்கள் அழுத்திச் சொல்லக்கூடியது இது. தாள்களைக் கடைசியில் ஒழியுங்கள். ஒழிக்குமுன் வீட்டிலேயே மூத்தவரை அருகில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். பாத்திரமும் பீரோவும் போனால் வேறு வாங்கலாம். படிக்கத் தெரியவில்லை என்பதாலேயே ஒரு தாள் பயனற்றதாகிவிடாது. அன்றுமுதல் எங்கள் வீட்டில் ஒரு முறை வகுத்துக்கொண்டோம். எந்தப் பொருளும் அத்தையின் கண்ணில் படாமல் வாசலைத் தாண்டாது. அவர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார். ஒவ்வொன்றாகக் காட்டுகிறோம். பெரும்பாலானவற்றைப் பற்றி, “யாருக்காவது கொடுத்துவிடுங்கள்” என்றே சொல்கிறார். நாங்கள் பிரிய மறுத்த பல பொருள்களை அவர் எளிதில் விட்டுவிடுகிறார் என்பது எங்களுக்கு வியப்பாக இருக்கிறது. வெள்ளிக் கூஜாவைத் தம்பி மகளுக்கு அனுப்பச் சொன்னவர், கைப்பிடி உடைந்த ஒரு பித்தளைப் படியை மட்டும் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார். காரணம் நாங்கள் கேட்கவில்லை.

இனி, தாள்களிலேயே சட்டத்துக்கு வேண்டியவை ஒரு வகை. விலைப்பணம் முழுதும் வந்தபின், கைவசமுள்ள தாய்ப்பத்திரம் முதலிய மூல ஆவணங்களை வாங்குபவரிடம் ஒப்படைப்பது விற்பவரின் கடமை. ஒப்படைக்குமுன் ஒவ்வொரு பக்கத்துக்கும் படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்குக்கு அவை வேண்டியிருக்கும். விலை ஐம்பது இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவர் நூற்றுக்கு ஒன்று வரியாகப் பிடித்துச் செலுத்துவார். அந்தச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். பழைய வீடுகளுக்கு 2001 ஏப்ரல் முதல் நாளன்று இருந்த மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். விற்ற ஆதாயத்தைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ வரிச் சலுகை உண்டு. விற்பதற்கு முந்திய ஓராண்டுக்குள் வாங்கியிருந்தாலும் உண்டு. கணக்குத் தணிக்கையாளரை விற்குமுன் பார்ப்பது நலம். விற்றபின் பார்ப்பவர்களே மிகுதி. கர்நாடகத்தில் ‘கத்தா’ எனப்படும் நகராட்சிப் பதிவேட்டில் பெயரும் அளவும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் முன்னதாகவே பார்த்துவிட வேண்டும். எங்கள் கத்தாவில் மனையின் அளவு இரண்டடி குறைவாக இருந்தது. அதைத் திருத்துவதற்கு ஆன காலத்தில் இன்னொரு வீடே கட்டியிருக்கலாம் என்று தோன்றிற்று.

பத்திரப் பதிவு நாள்வரை சேர்ந்த வரியும் தண்ணீர்க் கட்டணமும் விற்பவர் பொறுப்பு. மின் இணைப்பின் பெயரை மாற்றச் சாமுண்டேசுவரி மின் வழங்கல் கழகத்துக்கு விண்ணப்பம் கொடுத்தோம். எரிவாயு உருளையைத் திருப்பிக் கொடுத்து மாற்றுச் சீட்டு வாங்கினோம். வாக்காளர் பட்டியலில் இருப்பிடம் மாற்ற எட்டாம் எண் படிவம். கடிதங்களைப் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்ப அஞ்சலகத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். கடிதம் எழுதுபவர் யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். அத்தைக்கு அவருடைய பழைய மாணவியர் இருவர் இன்றும் எழுதுகின்றனர்.

சாமான் கட்டும் வேலையில் எங்களுக்கு மிகவும் கவலை தந்தவை கொலுப் பொம்மைகள். மைசூரில் தசரா என்றால் அரண்மனையும் ஊர்வலமும் மட்டும் அல்ல. வீட்டுக்கு வீடு பொம்மை வைப்பதும் தசராவே. நாங்கள் மரப்பாச்சி என்று சொல்லும் இணையை இங்கே ‘பட்டத கொம்பெ’ என்பார்கள்; திருமணத்தில் பெண் வீட்டார் கொடுப்பது. எங்களிடம் மூன்று தலைமுறையின் மூன்று இணைகள் இருக்கின்றன. மண் பொம்மைகளைச் செய்தித்தாளில் நேரடியாகச் சுற்றக்கூடாது; அச்சு மை வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பழைய வேட்டித் துணியை முதலில் சுற்றி, அதன்மேல் தாளைச் சுற்ற வேண்டும். நீட்டிய கை, தூக்கிய கொம்பு, வில்லின் நுனி ஆகியவற்றுக்கு இடையே பஞ்சு வைத்து, கனமானவற்றை அடியிலும் இலேசானவற்றை மேலும் அடுக்க வேண்டும். பெட்டிக்குள் பொம்மை அசையக் கூடாது. நாங்கள் செல்லும் வழி சாமராஜநகர், திம்பம், சத்தியமங்கலம். திம்பம் மலைப்பாதையில் கொண்டையூசி வளைவுகள் மட்டும் 27. ஒவ்வொரு வளைவிலும் லாரியின் சுமை ஒருபுறம் சாயும். புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் பாதையாதலின் இரவில் அங்கே போக்குவரத்துக் கட்டுப்பாடும் உண்டு. விடியற்காலையில் மைசூரை விட்டால்தான் பகலிலேயே மலையிறங்க முடியும் என்று லாரிக்காரர் சொல்லிவிட்டார்.

பெட்டிகளுக்கு எண் இடுவதைப் பற்றி ஒரு செய்தி. கிருஷ்ணராஜ சாகர் அணை 1911-இல் கட்டத் தொடங்கப்பட்டது. அணை உயர்ந்தபோது கண்ணம்பாடி என்னும் ஊர் நீரில் மூழ்கிற்று. ஊரார் புது இடத்துக்குக் குடிபெயர்ந்தனர். வேணுகோபாலசுவாமி கோயில் மட்டும் நீருக்கடியில் நின்றது. கோடைக்காலத்தில் நீர் வற்றினால் அதன் கற்கள் வெளியே தெரியும். பல பத்தாண்டுகள் கழித்து, நம் காலத்தில், அறக்கட்டளை ஒன்று அந்தக் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, எண் இட்டு, நீர் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய் மீண்டும் அடுக்கியது. ஆயிரம் ஆண்டுப் பழமை சொல்லும் கோயிலையே எண் இட்டு மாற்ற முடியுமானால், எங்கள் சமையலறையை மாற்ற முடியாதா? எங்களிடம் இப்போது 64 பெட்டிகள். ஒவ்வொன்றின் இரு பக்கங்களிலும் எண். ஒரு நோட்டில் எண்ணுக்கு எதிரே உள்ளே இருப்பவற்றின் பட்டியல். எந்த அறையில் இறக்க வேண்டும் என்ற குறிப்பு. முதல் பெட்டியில் போய் இறங்கிய அன்றைக்கே வேண்டியவை: பால் காய்ச்சும் பாத்திரம், விளக்கு, தீப்பெட்டி, காப்பிப் பொடி, மருந்துகள், ஒரு கத்தி, ஒரு மாற்று உடை. அதை லாரியில் ஏற்றமாட்டோம், கையோடு கொண்டுபோவோம்.

நாள் பார்ப்பதில் இரண்டு பஞ்சாங்கத்துக்கு நடுவே மைசூர்த் தமிழர் அகப்பட்டுக்கொள்வதுண்டு. ஆடியில் வீடு மாறுவதில்லை என்பது நம் வழக்கம். கன்னடத்தாருக்கும் ஆஷாடத்தில் அதே விலக்கு. ஆனால் அவர்கள் மாதம் சந்திரனைப் பின்பற்றுவது, நம்முடையது சூரியனை. ஆகவே அவர்களுடைய ஆஷாடம் பெரும்பாலும் நமக்கு ஆனியிலேயே தொடங்கிவிடும். அது முடியுமுன் நமது ஆடி பிறக்கும். இரண்டையும் மதிக்க வேண்டுமானால் ஏறக்குறைய ஏழு வாரம் நகர முடியாது. இந்த நம்பிக்கை இல்லாதவருக்கும் இதனால் ஒரு நன்மை உண்டு: அந்த வாரங்களில் லாரி எளிதாகக் கிடைக்கும். எங்களுக்கோ அத்தை இருக்கிறார்; வைகாசியிலேயே நாள் குறித்துவிட்டோம்.

செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிணற்றடியில் மைசூர் மல்லிகைக் கொடி ஒன்று இருக்கிறது. வேரோடு பெயர்த்தால் பிழைக்காது என்று தோட்டக்காரர் சொன்னார். தை மாதத்திலேயே, தாழ்ந்த கிளை ஒன்றின் பட்டையைச் சிறிது சீவி, தொட்டி மண்ணுக்குள் வளைத்துப் புதைத்து, மேலே கல் வைத்துப் பதியம் போட்டார். இப்போது வேர் பிடித்துவிட்டது. தாய்க்கொடியிலிருந்து சென்ற வாரம் அறுத்துவிட்டோம். மூன்றாம் மாடியின் வெயிலில் அது பூக்குமோ, வெறும் இலையாக நிற்குமோ அறியோம். வீட்டை விற்பது என்று முடிவு செய்த அன்றே பதியம் போட்டுவிட வேண்டும். வேர் விடுவதற்கு அது கேட்கும் இரண்டு மூன்று மாதத்தை நாம் குறைக்க முடியாது.

அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ளும் வேலையும் மெல்ல நடக்கிறது. பால் ஊற்றுபவர், துணி தேய்ப்பவர், நாற்பது ஆண்டாகப் பூக்கொண்டுவரும் அம்மாள் ஆகியோரின் கணக்கைத் தீர்த்துவிட்டோம். பூக்கார அம்மாளுக்கு எழுதப்படாத கணக்கு ஒன்றும் இருந்தது. எங்கள் மகள் பிறந்தபோது அவர் இரவெல்லாம் உடன் இருந்தார். அதைத் தீர்க்க இயலாது. புடவை ஒன்று வாங்கிக் கொடுத்து வணங்கினோம். விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று நாம் சொல்வதில்லை, ‘போய் வருகிறேன்’ என்கிறோம். கன்னடத்திலும் அப்படியே: ‘ஹோகி பர்த்தீனி’. திரும்பி வருவதற்கு வீடு இல்லாதபோதும் அந்தச் சொல்லையே சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டு அம்மையார் அதைக் கேட்டுவிட்டு, தசராவுக்கு வந்தால் தம் வீட்டில் தங்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

வீட்டின் ஒவ்வோர் அறையையும் நான்கு மூலைகளிலிருந்தும் படம் எடுத்துவிட்டோம். கூடத்துத் தூணில் குழந்தைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகள் இருக்கின்றன. எங்கள் உயரம், தம்பியின் உயரம், மகளின் உயரம். தூணைக் கொண்டுபோக முடியாது. ஒரு நீண்ட தாளைத் தூணோடு ஒட்டவைத்து, கோடுகளை அதில் அப்படியே எழுதி எடுத்துக்கொண்டோம். மிகத் தாழ்வான கோடு ஒன்றின் எதிரே பெயர் இல்லை. அது தம்முடையது என்று அத்தை சொன்னார்.

கோயம்புத்தூர் வீட்டில் அவருடைய அறைக்குச் சன்னல் உண்டு. ஆனால் அது மேற்கே பார்த்தது. இரயில் கேட்காது. இதை நாங்கள் மறைக்காமல் சொல்லிவிட்டோம். கிழக்குப் பார்த்த அறையை எங்களுக்கென்று முதலில் வைத்துக்கொண்டிருந்தோம். அதை இப்போது அவருக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டோம். “மேற்கே இருந்தால் இருக்கட்டும், காலை வெயிலில்தான் எண்பத்தாறு வருஷம் கண் விழித்தாயிற்றே. உங்கள் அறையிலேயே நீங்கள் இருங்கள்” என்றார். வருத்தத்தில் சொன்னாரா, விருப்பத்தில் சொன்னாரா என்பது எங்களுக்கு இன்னும் தெளியவில்லை. இன்னொரு முறை கேட்க வேண்டும்.

மீட்டுவந்த இரண்டு கணக்குப் புத்தகங்களும் எந்தப் பெட்டியிலும் இல்லை. ஒவ்வொரு மாலையும் விளக்கு ஏற்றியபின் அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிறார். எங்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்றைய எண்களில் எழுதிக்கொள்கிறோம். இரண்டாவது புத்தகம் பாதி முடிந்திருக்கிறது. நேற்றைய பக்கத்தில் சுண்ணாம்பு இத்தனை வண்டி, மணல் இத்தனை வண்டி, கொத்தனுக்குக் கூலி இவ்வளவு என்று போய், கடைசி வரியில் பூசையறைக் கதவுக்குத் தச்சனிடம் கொடுத்த முன்பணம் வந்தது. அந்தக் கதவு இப்போது கழற்றப்பட்டு, கோணியில் சுற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு எண் 41.